தொழில் பாடம்: பழைய வேனின் இன்ஜின் போய்விட்டால்



வண்டி வாங்குவது பற்றி நம் கூட்டங்களில் நிறையப் பேசியிருக்கிறோம். எவ்வளவு கடன், எத்தனை தவணை, டிரைவர் யார், ஆர்.சி. யார் பெயரில் என்றெல்லாம் பேசி, தீர்மான நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டுத்தான் வாங்குகிறோம். வாங்கிய வண்டியின் இன்ஜின் பாதியில் தேய்ந்துபோனால் என்ன செய்வது என்று மட்டும் பேசியதில்லை. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு குழு இதைப் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டது. அவர்களிடம் கேட்டுக்கொண்டு, ஊர் பெயரும் ஆள் பெயரும் சொல்லாமல் இங்கே எழுதுகிறோம். இதில் களப் பணியாளர்களான எங்கள் தவறும் உண்டு. அதையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

நடந்தது என்ன?

அது 14 பேர் கொண்ட குழு. 2019ல் கூட்டமைப்பில் கடன் பெற்று, 2011ஆம் ஆண்டு மாடல் டாடா ஏஸ் வண்டி ஒன்றை 1,40,000 ரூபாய்க்கு வாங்கினார்கள். 'குட்டி யானை' என்று சொல்கிறோமே, அந்த லோடு வேன்தான். 702 சி.சி., இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். விடியற்காலையில் முருங்கையும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய் வரும். டிரைவர் சம்பளம், டீசல் எல்லாம் போக, ஒரு நாளைக்குச் சராசரியாக 600 ரூபாய் குழுவுக்கு நின்றது. தவணையும் ஒழுங்காகக் கட்டி வந்தார்கள்.

வண்டியின் ஆர்.சி. குழுவின் பெயரில் இல்லை. உறுப்பினர் ஒருவரின் பெயரில் இருந்தது. பல குழுக்களில் இப்படித்தான் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்க.

2022 மார்ச் மாதம். முருங்கை வரத்து கூடுகிற நேரம். வண்டி காலையில் சீக்கிரம் ஸ்டார்ட் ஆகவில்லை. பின்னால் நீலப் புகை. இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியதாயிற்று. லோடு ஏற்றினால் மேட்டில் இழுக்கவில்லை. மெக்கானிக் வந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "இன்ஜின் போச்சுக்கா. திறந்து வேலை பார்த்தா பத்து பதினஞ்சு நாள் ஆகும். ஓடுற இன்ஜின் ஒண்ணு கைவசம் தெரிஞ்ச இடத்துல இருக்கு. அஞ்சு நாள்ல மாத்திக் குடுத்துடறேன்" என்றார்.

குழு எங்களைக் கேட்டது. "சீசன் நேரம், நாளைக் கடத்தாதீங்க, மாத்திடுங்க" என்று போனிலேயே சொன்னோம். நேரில் போய்ப் பார்க்கவில்லை. இரண்டாவது மெக்கானிக்கைக் கேட்கச் சொல்லவில்லை. எங்கள் தவறு இதுதான்.

பழைய இன்ஜின் 38,000 ரூபாய், ரொக்கம். பொருத்துகிற கூலி, கிளட்ச் பிளேட், ஆயில் சேர்த்து 9,500. ஆக 47,500. கடைக்காரர் ஒரு துண்டுச் சீட்டில் 'ஏஸ் இன்ஜின் 1' என்று எழிதித் தொகை போட்டுக் கொடுத்தார். இன்ஜின் எண் அதில் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. வண்டி நன்றாக ஓடியது. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆகஸ்டில் வண்டியை எஃப்.சி. காட்டக் கொண்டுபோனார்கள். டிரைவர்கள் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர், ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண்ணையும் வண்டியில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டார். இரண்டும் வேறு. இந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது, பில் எங்கே, அனுமதி எங்கே என்று கேட்டார். துண்டுச் சீட்டைக் காட்டினார்கள். செல்லாது என்று சொல்லிவிட்டார். எஃப்.சி. கிடைக்கவில்லை. எஃப்.சி. இல்லாமல் லோடு அடிக்க முடியாது. வண்டி நின்றது.

கடைக்காரரிடம் போய்க் கேட்டால், "பழைய சாமானுக்கு அதெல்லாம் வராதும்மா" என்றார். ஆர்.சி. யார் பெயரில் இருந்ததோ அந்தச் சகோதரிதான் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடந்தார். "அது திருட்டு வண்டி இன்ஜினா இருந்தா போலீஸ் என் வீட்டுக்குத்தானே வரும்? பதினாலு பேர் சேர்ந்து வாங்கினோம், பேப்பர்ல நான் ஒருத்திதானே இருக்கேன்?" என்று அவர் கூட்டத்தில் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. அவர் கணவர் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

இன்ஜின் எண் எங்கே இருக்கிறது?

இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். இன்ஜின் எண் பிளாக்கில் அடிக்கப்பட்டிருக்கும். பிளாக் என்பது சிலிண்டர்கள் அமைந்திருக்கும் பெரிய இரும்பு உடம்பு. உள்ளே இருக்கும் பிஸ்டன், ரிங், வால்வு, பேரிங் எதை மாற்றினாலும் பிளாக் அதேதான், எண்ணும் அதேதான். ஆர்.சி.யில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் இன்ஜினையே முழுதாகத் தூக்கி வேறு இன்ஜின் வைத்தால் எண் மாறிவிடும். மெக்கானிக்குக்கு இரண்டும் 'இன்ஜின் வேலை'தான். சட்டத்துக்கு இரண்டும் வேறு வேறு.

மோட்டார் வாகனச் சட்டம், 1988, 52ஆவது பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது. இன்ஜினை மாற்ற வேண்டுமானால் பதிவு செய்யும் அலுவலகத்தில், அதாவது ஆர்.டி.ஓ. ஆபீசில், முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். அனுமதி இல்லாமல் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் ஆர்.சி.யோடும் கட்டணத்தோடும் போய்த் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கப் போகும்போது இன்ஜின் வாங்கிய பில் கேட்பார்கள். பில்லில் இன்ஜின் எண் இல்லாவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

வண்டி கடனில் இருந்தால், கடன் கொடுத்த வங்கி அல்லது பைனான்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியிலும் இன்ஜின் எண் இருக்கிறது. அதையும் மாற்றி எழுதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால், விபத்து நடந்து இழப்பீடு கேட்கும் நாளில் அந்த எண்ணை வைத்தே நம்மைக் கேள்வி கேட்பார்கள்.

இன்னொன்று. கிடைக்கிற இன்ஜின் எல்லாம் எல்லா வண்டிக்கும் ஆகாது. 2017 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பி.எஸ்.4, 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 என்று புகை விதிகள் மாறின. பி.எஸ்.4 வண்டியில் பழைய பி.எஸ்.3 இன்ஜினைப் பொருத்தினால், நட்டு போல்ட்டு பொருந்தலாம், அனுமதி கிடைக்காது.

இன்ஜின் உண்மையிலேயே போய்விட்டதா?

டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டியைப் போலத் தீப்பொறி கிடையாது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றை அமுக்கினால் சூடாகும். டீசல் இன்ஜின் காற்றைச் சுமார் இருபதில் ஒரு பங்காக அமுக்குகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்கிறது. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்தால் காற்று ஓரமாகக் கசிந்துவிடும். கேஸ்கட் போன குக்கரில் பிரஷர் நிற்காதது போலத்தான். அமுக்கம் குறைந்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் காலையில் ஸ்டார்ட் ஆகாது, இழுவையும் இருக்காது. கசிகிற இடம் வழியாகவே ஆயில் மேலே ஏறி எரிவதால் நீலப் புகை வருகிறது.

ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கெல்லாம் இன்ஜின் போய்விட்டது என்று அர்த்தமில்லை. குளிர் நேரத்தில் உள்ளே சூடேற்றிக் கொடுக்கும் ஹீட்டர் பிளக் போயிருக்கலாம். பேட்டரி இறங்கியிருக்கலாம். டீசல் பில்டர் அடைத்திருக்கலாம். எல்லாம் சின்னச் செலவு. புகையின் நிறத்தையும் பாருங்கள். கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம் போகிறது. ஏர் பில்டரையும் இன்ஜெக்டரையும் முதலில் பார்க்க வேண்டும். வண்டி சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே மோர் மாதிரி வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. அந்த வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, கவிழ்த்து அதே வாயில் வைத்துப் பாருங்கள். மூடி லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால், அங்கிருந்து புகை குபுகுபுவென்று வந்தால், ரிங் தேய்ந்திருக்கிறது. இதை நம் உறுப்பினர்களே பார்க்கலாம். கையில் துணி சுற்றிக்கொள்ளுங்க, சூடாக இருக்கும்.

சந்தேகம் தீர ஒரே வழி கம்ப்ரஷன் டெஸ்ட். ஒவ்வொரு சிலிண்டரிலும் மீட்டர் வைத்து அமுக்கத்தை அளப்பார்கள். அளவைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். இரண்டு சிலிண்டரும் குறைவாக இருந்தால் ரிங், போர் தேய்மானமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று மட்டும் குறைந்தால் வால்வு அல்லது கேஸ்கட் கோளாறாக இருக்கலாம். அதற்கு ஹெட் வேலை மட்டும் போதும். நம் குழுவின் வண்டிக்கு இந்த டெஸ்ட் எடுக்கவே இல்லை. காதில் கேட்டதை வைத்து 47,500 ரூபாய் செலவாகிவிட்டது.

மாட்டுக் கொட்டகையில் கிடந்த இன்ஜின்

வண்டி நின்று மூன்று வாரம் ஆனபோது வேறொரு ஊரிலிருந்து வயதான மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "பழைய இன்ஜின் எங்கம்மா?"

நல்ல வேளை, அதை இரும்புக் கடைக்குப் போடவில்லை. இன்ஜின் மாற்றிய அன்று மெக்கானிக் அதைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பிரதிநிதி அக்காவின் மாமியார்தான் விடவில்லை. "காசு குடுத்து வாங்கினது, கிடக்கட்டும்" என்று மாட்டுக் கொட்டகையில் தூக்கிப் போடச் சொல்லியிருக்கிறார். ஐந்து மாதம் வைக்கோலுக்கு அடியில் கிடந்தது. ஆர்.சி.யில் உள்ள எண் அந்த பிளாக்கில்தான் இருந்தது. அந்த அம்மாவுக்குச் சட்டம் தெரியாது. எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது அவர் செய்ததில் இருந்தது.

பிளாக்கை லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். விரிசல் இல்லை. சிலிண்டரை அளந்து பார்த்து, போர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் போடலாம் என்றார்கள். கிராங்கை கிரைண்டிங் செய்து புது பேரிங், வால்வு வேலை, புது கேஸ்கட் செட், ஆயில் பம்ப் எல்லாம் சேர்த்து 44,000 ரூபாய். இந்த முறை மூன்று இடத்தில் விலை கேட்டோம். குழுவில் இரண்டு பேர் பட்டறையிலேயே உட்கார்ந்தார்கள். "பொம்பளைங்க இங்க வந்து உக்காந்தா சரிப்படாதே" என்று லேத்காரர் முதல் நாள் சொன்னார். சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவர்கள் நகரவில்லை. மூன்றாம் நாள் அவரே போர் அளக்கும் கேஜைக் கையில் கொடுத்து, எப்படிப் பார்ப்பது என்று காட்டினாராம்.

பழைய இன்ஜின் ஏன் போனது?

பெரிய மெக்கானிக் வண்டியை முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு ரப்பர் குழாயைக் கையில் எடுத்தார். ஏர் பில்டரிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் ஹோஸ். அதில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டியிருந்தது. நம் மண் ரோட்டுத் தூசி பில்டர் வழியாகப் போகாமல் அந்த வெடிப்பு வழியாக நேராக உள்ளே போயிருக்கிறது. தூசி ஆயிலோடு கலந்து உப்புத்தாள் போலச் சிலிண்டரைத் தேய்த்திருக்கிறது. இதைவிடக் கொடுமை, 38,000 ரூபாய்க்கு வாங்கி வைத்த இரண்டாவது இன்ஜினிலும் அதே ஹோஸைத்தான் அதே டியூபோடு மாட்டியிருந்தார்கள். எஃப்.சி.யில் மாட்டாமல் இருந்திருந்தால் அந்த இன்ஜினும் ஒரு வருஷத்தில் புகை விட்டிருக்கும்.

ரேடியேட்டரைத் திறந்தால் உள்ளே வெள்ளையாக உப்பு. கூலன்ட் ஊற்றும் இடத்தில் போர் தண்ணீரை ஊற்றி வந்திருக்கிறார்கள். வெந்நீர் அண்டாவின் அடியில் உப்புப் படிவதைப் பார்க்கிறோமே, ரேடியேட்டர் குழாயிலும் அதுவேதான் நடக்கிறது. குழாய் அடைத்தால் சூடு இறங்காது. மூன்றாவது காரணம் எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் வாய் திறந்து சொல்லாதது. அந்த வண்டியின் லோடு அளவு முக்கால் டன். சீசனில் ஒன்றேகால் டன் வரை ஏற்றியிருக்கிறார்கள். "ஒரு நடை மிச்சமாகுதே" என்றார்கள். மிச்சமானதாக நினைத்த நடையெல்லாம் இன்ஜினில் கழிந்தது.

ஆகவே இன்ஜின் வேலை எதுவானாலும், புதிதாகப் போடுகிற இன்ஜினைச் சுற்றியுள்ளதையும் பாருங்கள். ஏர் ஹோஸ், ஏர் பில்டர், ரேடியேட்டர், தண்ணீர் பம்ப், தெர்மோஸ்டாட், பேன், இன்ஜின் மவுண்டிங் ரப்பர். இன்ஜின் கீழே இறங்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்துவிடுவது நல்லது. பிறகு அதற்கென்று தனியாக இறக்கினால் கூலி இரட்டிப்பு.

வேறு இன்ஜின்தான் போட வேண்டும் என்றால்

பிளாக்கே வெடித்துவிட்டது, அல்லது போர் பண்ண முடியாத அளவுக்குப் போய்விட்டது என்று லேத்தில் சொன்னால் வேறு இன்ஜின்தான் வழி. சில கம்பெனிகள் பழைய இன்ஜினை வாங்கிக்கொண்டு, தாங்களே புதுப்பித்த இன்ஜினைப் பில்லோடு கொடுக்கின்றன. டாடாவில் இதை 'புரோலைஃப்' என்ற பெயரில் கொடுக்கிறார்கள். விலை கூடுதல்தான். ஆனால் ஆர்.டி.ஓ. ஆபீசில் தலை நிமிர்ந்து நிற்கலாம். டீலரிடம் உங்கள் மாடலுக்குக் கிடைக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கழித்த வண்டியிலிருந்து எடுத்த இன்ஜின் என்றால், சென்னை புதுப்பேட்டையானாலும் பக்கத்து டவுனானாலும், அது எந்த வண்டியிலிருந்து இறக்கியது என்ற காகிதம் வேண்டும். அந்த வண்டியின் ஆர்.சி. நகல், விற்றவரின் எழுத்து, கடையின் முத்திரை போட்ட பில், பில்லில் இன்ஜின் எண். வண்டி எண்ணைக் கொடுத்தால் எம்பரிவாகன் செயலியில் விவரம் பார்க்கலாம். குழுவில் படித்த பிள்ளைகள் இருந்தால் செய்துவிடுவார்கள். பிளாக்கில் எண் அடித்த இடத்தில் அரத்தால் தேய்த்த தடம் இருந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் நீங்கள் போகும்போது இன்ஜின் ஜில்லென்று இருக்க வேண்டும். முன்பே சூடு பண்ணி வைத்திருந்தால் எந்த இன்ஜினும் உடனே ஸ்டார்ட் ஆகும். மூடி சோதனை, கம்ப்ரஷன் டெஸ்ட் இரண்டையும் அங்கேயே செய்யுங்கள். பம்ப், செல்ப் மோட்டார், டைனமோ சேர்த்து விலையா, வெறும் இன்ஜின் மட்டுமா என்பதையும் எழுதி வாங்குங்கள். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். குழுக் கணக்கிலிருந்து காசோலையாகவோ வங்கி வழியாகவோ போகட்டும். கழற்றிய பழைய பாகங்களை ஒரு சாக்கில் கட்டி வாங்கி வாருங்கள். புது பிஸ்டனுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பழையதையே துடைத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

விற்றுவிடலாமா?

இதையும் கூட்டத்தில் வைக்க வேண்டும். பாடி முழுக்கத் துரு, சேசிஸில் வெல்டிங், டயர் நான்கும் மொட்டை என்றால் இன்ஜினுக்கு மட்டும் பணம் போடுவது வீண். இன்ஜின் செலவு, ஓடுகிற நிலையில் அந்த வண்டிக்குக் கிடைக்கும் விலையில் பாதியைத் தாண்டினால் விற்பதைப் பற்றி யோசிக்கலாம் என்பது எங்கள் கருத்து. வண்டியின் வயதும் முக்கியம். எட்டு வயது தாண்டிய லோடு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். 15 வயது தாண்டினால் அதற்கான கட்டணமும் 2022 ஏப்ரலிலிருந்து பல மடங்கு கூடிவிட்டது. "பத்து வருஷ டீசல் வண்டி ஓடக் கூடாதாமே" என்று சிலர் பயப்படுகிறார்கள். 2015லும் 2018லும் வந்த அந்த உத்தரவுகள் டெல்லி வட்டாரத்துக்கானவை. இதைச் சொல்லி மலிவு விலைக்கு வண்டியைக் கேட்கும் புரோக்கரிடம் ஜாக்கிரதை.

கணக்கு

நம் குழுவின் கணக்கை அவர்களே தரையில் சாக்பீஸால் எழுதிப் பார்த்தார்கள். முதல் இன்ஜின், கூலி எல்லாம் 47,500. பிறகு பழைய பிளாக்கை வேலை பார்த்தது 44,000. கடைக்காரரிடம் நான்கு நடை போய், கடைசியில் கூட்டமைப்புத் தலைவியும் கூடவே போய், அந்த இன்ஜினைத் திருப்பிக் கொடுத்ததில் கிடைத்தது 16,000. ஆகமொத்தம் 75,500. முதலிலேயே பழைய இன்ஜினைத் திறந்து வேலை பார்த்திருந்தால் 44,000. வித்தியாசம் 31,500. வண்டி நின்றது 41 நாள். ஒரு நாளைக்கு 600 என்றால் 24,600. இரண்டையும் கூட்டினால் 56,100 ரூபாய். பத்து பதினைந்து நாளை மிச்சம் பிடிக்கப் போய்க் கொடுத்த விலை இது.

இந்த 44,000 ரூபாயைக் கூட்டமைப்பு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் தனிக் கடனாகக் கொடுத்தது. பழைய தவணைக்கு இரண்டு மாதம் அவகாசமும் கொடுத்தது. வட்டிக்காரரிடம் போகாமல் தப்பித்தது அதனால்தான். அதே கூட்டத்தில், வண்டியால் வருகிற எந்தச் செலவுக்கும் வழக்குக்கும் 14 பேரும் சமப் பொறுப்பு என்று தீர்மானம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆர்.சி.யில் பெயர் உள்ள சகோதரி அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டுபோய்த் தன் கணவரிடம் காட்டினார்.

வேலை முடிந்த இன்ஜினை முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குப் பாதி லோடில், விரட்டாமல் ஓட்டினார்கள். பிறகு ஆயிலும் பில்டரும் மாற்றினார்கள். இப்போது வண்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு கயிற்றில் தொங்குகிறது. தேதி, கிலோமீட்டர், ஆயில் மட்டம், லோடு எவ்வளவு என்று டிரைவர் தினமும் எழுத வேண்டும். வாரம் ஒரு உறுப்பினர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். முதலில் டிரைவர் தம்பி முணுமுணுத்தார். இப்போது அவரே, "அக்கா, இந்த வாரம் ஆயில் கால் லிட்டர் குறைஞ்சிருக்கு, பாருங்க" என்று கொண்டுவந்து காட்டுகிறார்.

குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியது

வண்டி வைத்திருக்கும் குழுக்கள் அடுத்த கூட்டத்தை வண்டி நிற்கும் இடத்திலேயே போடுங்கள். ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வாருங்கள். சீட்டைத் தூக்கி, டார்ச் அடித்து, பிளாக்கில் உள்ள எண்ணை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் ஆர்.சி.யிலும் இன்சூரன்ஸ் பாலிசியிலும் சரிபார்க்கட்டும். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் உடனே எங்களுக்குச் சொல்லுங்கள். வண்டியை வாங்கும்போதே யாரோ முன்பு இன்ஜினை மாற்றியிருக்கலாம். ஏர் ஹோஸைக் கையால் மடக்கிப் பார்த்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உட்கார்ந்து இந்த மூன்றையும் பேசி எழுதுங்கள்: நம் வண்டியின் ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, அவருக்கு நாம் எழுத்தில் என்ன பாதுகாப்புக் கொடுத்திருக்கிறோம்? நாளைக்கே இன்ஜின் போனால் பணம் எங்கிருந்து வரும்? மெக்கானிக் சொல்வதை ஒத்துக்கொள்ளும் முன் வேறு யாரைக் கேட்போம்? எழுதிய தாளை இந்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு உங்கள் பிரதிநிதியிடம் கொடுத்தனுப்புங்கள்.